மருத்துவமும் உழவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றை அடுத்துள்ள தேனி நகரின் ஒரு பகுதியாக விளங்குவது அல்லிநகரம். பெரியகுளம் செல்லும் நெடுஞ்சாலை அதனூடே செல்கின்றது. தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டப்பெற்றது. மேற்கு நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பெற்றது. அந்நீரால் இன்று பள்ளத்தாக்கில் இரு போகம் நெல் விளைகின்றது. திராட்சைக் கொடிகள் பந்தல்களில் படர்கின்றன. வாழையும் தென்னையும் செழிக்கின்றன.

அல்லிநகரத்தில் வாழ்ந்து, மேல்நிலைப் பள்ளியில் உயிரியலைப் பாடமாகக் கற்று வெளிவரும் இளைஞர்முன் இரு வழிகள் தோன்றுகின்றன. கிழக்கே ஆண்டிபட்டி செல்லும் சாலையில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. வடக்கே பெரியகுளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தோட்டக்கலைக் கல்லூரி 1990ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் ஒருவர் இவ்விரு கல்லூரிகளையும் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். இடத்தால் இவை அண்மையில் உள்ளவை. ஆயினும் இவற்றுள் ஒன்றில் நுழைந்தவரின் வாழ்க்கை, மற்றொன்றில் நுழைந்தவரின் வாழ்க்கையினின்று முற்றும் வேறாகிவிடுகின்றது.

மருத்துவம் கற்போர் நாலரை ஆண்டுகள் கல்லூரியிலும், அதன்பின் ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சியிலும் கழிக்க வேண்டும். உடற்கூறு, உடலியக்கம், மருந்தியல், நோயியல் என்னும் பாடங்களின் நடுவே நிற்பது மனித உடல் ஒன்றே. தோட்டக்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. மண், நீர், விதை, பூச்சி, பயிர் நோய், மரபியல், சந்தை ஆகிய யாவும் அதன் எல்லைக்குள் அடங்கும். மருத்துவரிடம் வரும் நோயாளி, தன் துன்பத்தைத் தானே வாய்திறந்து சொல்வார். பயிரோ பேசாது. இலையின் நிறத்தையும் வேரின் நிலையையும் கண்டே அதன் குறையை உணர வேண்டும்.

எனினும், வீட்டில் இவ்விரண்டும் ஒரே தட்டில் வைத்து எண்ணப்படுவதில்லை. மருத்துவர் என்னும் பெயருக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. உழவைக் கற்கக் கல்லூரி எதற்கு என்று வினவுவோர் பலர். உழுது வாழ்ந்த பெற்றோரே தம் மக்கள் மீண்டும் மண்ணில் இறங்குவதை விரும்புவதில்லை. மழை பொய்த்த ஆண்டையும், விலை வீழ்ந்த நாளையும், வட்டி ஏறிய கடனையும் அவர்கள் நேரில் அறிந்தவர்கள். ஆதலின் அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. பெற்றோரின் அச்சத்துக்கும் தன் விருப்பத்துக்கும் இடையே நின்று வழி தேட வேண்டியவர் அம்மாணவரே.

இதே இரு கல்விகளுக்கும் நடுவே நின்று ஒன்றைத் தேர்ந்த தமிழர் ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. அவர் வேளாண் அறிவியலறிஞர் மா. சா. சுவாமிநாதன் ஆவார். அவர் 1925ஆம் ஆண்டு ஆகத்து 7ஆம் நாள் கும்பகோணத்தில் பிறந்தார். தந்தையார் சாம்பசிவன் அறுவை மருத்துவர்; காந்தியடிகளின் நெறியைப் போற்றியவர். யானைக்கால் நோய் அக்காலத்தில் கும்பகோணத்தை வருத்தி வந்தது. சாம்பசிவன் நோயாளிகளுக்கு மருந்தளிப்பதோடு அமைந்துவிடவில்லை. ஊர் மக்களைத் திரட்டி, அந்நோயைப் பரப்பும் கொசுக்கள் பெருகும் இடங்களைத் தூய்மை செய்வித்தார். நோய் வந்தபின் தீர்ப்பது ஒரு தொண்டு. அது வாராமல் அதன் வேரைக் களைவது மற்றொரு தொண்டு. இவ்விரண்டையும் மைந்தர் இளமையிலேயே தந்தையிடம் கண்டார்.

சுவாமிநாதனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது தந்தையார் மறைந்தார். தந்தையின் உடன்பிறந்தார் அவரைப் பேணி வளர்த்தார். அவரும் மருத்துவத் துறையைச் சார்ந்தவரே. எனவே, சுவாமிநாதன் மருத்துவம் பயின்று தந்தையின் பணியைத் தொடர்வார் என்று குடும்பத்தார் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. பதினைந்தாம் வயதில் பள்ளிக் கல்வியை முடித்த அவர், திருவனந்தபுரத்தில் விலங்கியல் பயின்று 1944ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். மருத்துவத்துக்குச் செல்ல அப்பட்டம் ஏற்ற படியாகவே இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டில்தான் வங்காளத்தில் கொடிய பஞ்சம் தோன்றியிருந்தது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டவர் இருபது முதல் முப்பது இலட்சம் பேர் என்று கணக்கிட்டுள்ளனர். போர்க்கால விலையேற்றமும், அரிசி கிடைக்கும் வழிகள் அடைபட்டமையும், ஆட்சியின் தவறுகளும் சேர்ந்து ஏழைகளின் கையிலிருந்து உணவைப் பறித்தன. தெருக்களில் மக்கள் பசியால் வீழ்ந்து மடிந்த செய்தி நாடெங்கும் பரவிற்று. அச்செய்தி இளைஞர் சுவாமிநாதனின் உள்ளத்தை உலுக்கியது. பசியால் வாடி வரும் உடலுக்கு மருத்துவர் தரக்கூடிய மருந்து யாது? உணவே அதற்கு மருந்து. அவ்வுணவை விளைவிக்கும் துறையில் அறிவியல் செய்யத்தக்க பணி மிகுதி என்று அவர் உணர்ந்தார். மருத்துவத்தை விடுத்து வேளாண்மையைத் தேர்ந்தார்.

அத்தேர்வு எளிதானதன்று. முன்பே ஒரு பட்டம் பெற்றவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி மற்றொரு பட்டத்துக்குப் பயில வேண்டியிருந்தது. அந்நாளில் படித்த குடும்பத்துப் பிள்ளைகள் வேளாண்மைக் கல்லூரியை நாடுவது அரிது. ஆயினும் அவர் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து, 1947ஆம் ஆண்டு அப்பட்டத்தையும் பெற்றார். அக்கல்லூரியை அடிப்படையாகக் கொண்டே 1971ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தது. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி அப்பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

பின்னர் அவர் புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மரபியல் கற்றார். ஒரு முறை தேர்ந்ததோடு மனிதனின் தேர்வு முடிந்துவிடுவதில்லை. ஆட்சிப் பணித் தேர்வு எழுதுமாறு குடும்பத்தார் வற்புறுத்தவே, அவர் அதனை எழுதினார். இந்தியக் காவல் பணிக்குத் தெரிவும் செய்யப்பெற்றார். அதே காலத்தில் நெதர்லாந்து நாட்டில் மரபியல் ஆராய்ச்சி செய்ய யுனெசுகோ நிறுவனத்தின் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தது. ஒரு புறம் அதிகாரமும் நிலையான ஊதியமும் இருந்தன. மறுபுறம் சில மாதங்களுக்கு மட்டும் உரிய உதவித்தொகையே இருந்தது. 1949ஆம் ஆண்டில் அவர் நெதர்லாந்துக்கே சென்றார். அங்கு உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய்ந்து, பின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் 1952ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் விசுகான்சின் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே தங்கும் வாய்ப்பு வந்தபோதும் அதனை ஏற்காது, 1954ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பினார்.

அக்காலத்து இந்தியக் கோதுமைப் பயிர் நெடிதாக வளரும் இயல்புடையது. உரம் மிகுதியாக இட்டால் கதிர் கனத்துத் தாள் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரின் விளைச்சல் குறைந்துபோகும். ஆதலால் உரத்தின் பயன் உழவர்க்குக் கிட்டவில்லை. தாள் குட்டையாகவும் கதிர் நீளமாகவும் உள்ள வகையை உண்டாக்க சுவாமிநாதனும் அவர்தம் குழுவினரும் முயன்றனர். முதலில் அவர்கள் பெற்ற வகைகளில் தாளோடு கதிரும் குறுகிப் போயிற்று. சப்பானியக் குட்டைக் கோதுமையின் இயல்பைக் கொண்டு மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய வகைகள் அக்குறையைத் தீர்த்தன. சுவாமிநாதனின் முயற்சியால் போர்லாக் 1963ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து கோதுமை நிலங்களைப் பார்வையிட்டார். 1966ஆம் ஆண்டு, சி. சுப்பிரமணியம் நடுவணரசின் உணவு வேளாண்மை அமைச்சராக இருந்தபோது, 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பெற்றது. 1965ஆம் ஆண்டில் ஏறத்தாழ 120 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1968ஆம் ஆண்டில் ஏறத்தாழ 165 இலட்சம் டன்னாக உயர்ந்தது. வெளிநாட்டுக் கப்பலை எதிர்நோக்கி உண்ட நாடு தன் வயலை நம்பி உண்ணத் தொடங்கியது.

வெற்றியின் உச்சியிலும் அவர் அதன் தீங்கை மறைக்கவில்லை. மண்வளம் பேணாது இடைவிடாமல் பயிரிடுவதும், பூச்சிக்கொல்லியை அளவின்றித் தெளிப்பதும், நிலத்தடி நீரை வரம்பின்றி இறைப்பதும் பெருங்கேட்டில் முடியும் என்று 1968ஆம் ஆண்டு சனவரியில் வாரணாசியில் கூடிய அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார். ஒரு துறையைத் தேர்ந்தவர் அதன் பெருமையைப் பேசினால் மட்டும் போதாது. அதன் குறைகளையும் அறிந்து சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கு அவ்வுரை சான்றாகும். 1987ஆம் ஆண்டு முதல் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார். மறு ஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பெற்றது.

இவ்வரலாற்றைக் கேட்போர், வேளாண்மை உயர்ந்தது, மருத்துவம் தாழ்ந்தது என்று கருதிவிடுதல் கூடாது. சுவாமிநாதனின் மகளார் சௌமியா சுவாமிநாதன், தந்தை விட்ட மருத்துவத்தையே விரும்பிக் கற்றார். காசநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டுச் சிறந்த அவர், 2019 முதல் 2022 வரை உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராகப் பணியாற்றினார். பாட்டனார் மருத்துவர், தந்தை வேளாண் அறிஞர், மகள் மருத்துவர். ஒரு குடும்பத்திலேயே இரு கல்விகளும் மாறி மாறி விளங்கின. ஒருவர் துறையை மற்றவர் கடனுக்காகச் சுமக்கவும் இல்லை; இழிவாக எண்ணித் தள்ளவும் இல்லை.

அன்றியும், முன்னர்க் கற்ற கல்வி வீணாகும் என்று அஞ்சி, பொருந்தாத வழியிலேயே செல்லுதல் வேண்டா. விலங்குக்கும் பயிருக்கும் உயிரணு பொது. மரபு விதியும் பொது. விலங்கியலில் பெற்ற அடிப்படை அறிவு பயிர் மரபியலுக்கு அயலானதன்று. இரு துறையை அறிந்தவர், ஒரு துறையை மட்டும் அறிந்தவர்க்குப் புலப்படாதவற்றையும் காண இயலும்.

கம்பம் பள்ளத்தாக்கே இதற்குச் சான்று காட்டும். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றுப் புகழ் எய்தியது. அத்திராட்சைக் கொடியைப் பூஞ்சை நோய் தாக்கும்போது உழவர் மருந்து தெளிக்கின்றனர். போதிய காப்பின்றித் தெளிப்பவர் நஞ்சு ஏறி மயங்கினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றார். அங்கே அவர் உயிரைக் காப்பவர் மருத்துவர். குறைந்த மருந்தில் கொடியைக் காக்கும் முறையைத் தோட்டத்தில் கற்பித்து, அத்துன்பம் நேராமல் தடுப்பவர் தோட்டக்கலை அறிந்தவர். துன்பம் ஒன்றே, அதனை இருவர் இரு முனைகளில் நின்று எதிர்க்கின்றனர்.

ஆகவே, அல்லிநகரத்து மாணவர் முதலில் கேட்க வேண்டிய வினா, எப்படிப்புக்கு மதிப்பு மிகுதி என்பதன்று. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே மருத்துவமனை வாயிலில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். திராட்சைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்து பார்க்கலாம். இரு கல்லூரி மாணவரிடமும் பாடங்களின் கடுமையை உசாவலாம். செலவையும் வேலைவாய்ப்பையும் பெற்றோருடன் அமர்ந்து கணக்கிடலாம். பெற்றோரின் அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு, அதற்குத் தக்க விடை தேடுவதும் மாணவரின் கடமையே. அதன்பின், எந்தத் துன்பத்தைக் கண்டபோது தம் உள்ளம் அமைதி இழந்தது, எந்த வேலையின் சலிப்பைத் தம்மால் ஆண்டுக்கணக்கில் தாங்க இயலும் என்பவற்றைத் தமக்குள்ளே கேட்டுக்கொள்ள வேண்டும். விளையும் நிலமும் வருந்தும் உடலும் உள்ளவரை இவ்விரு கல்விக்கும் தேவை குறையாது. தேவையை உணர்ந்து தேர்ந்தவர், இடையில் வரும் இடர்களைக் கண்டு எளிதில் தளரார்.