வாய் கொப்பளிக்கும் மருந்து: எது யாருக்கு?

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. பற்சொத்தையைத் தடுக்குமென்று நம்பி, வாய் கொப்பளிக்கும் மருந்துகளை இந்நாளில் பலரும் வாங்குகின்றனர். நம்மவர் கடைகளிலும் அவை வரிசையாக இருக்கின்றன. ஆனால் எல்லாப் போத்தல்களிலும் இருப்பது ஒரே மருந்தன்று. வாங்குவோரும் விற்போரும் இவ்வேற்றுமையை அறிந்திருத்தல் அவசியம்.

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைப்பதால்தான் சொத்தை விழுகிறது. இதற்கென மக்கள் கையாளும் மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, புளோரைடு மருந்து. இது கரைந்த இடத்தில் தாதுப்பொருள் மீண்டும் படிய உதவுகிறது. 37 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையின்படி, முறையாகக் கொப்பளித்து வந்த பிள்ளைகளின் நிலைப்பற்களில் சொத்தை சராசரி 27 சதவிகிதம் குறைந்திருந்தது.

இரண்டாவது, குளோர்ஹெக்சிடின். கிருமிகளைக் கொல்வதில் வல்லது. ஈறு வீக்கத்திற்குப் பல் வைத்தியர் சில காலம் கொடுப்பதுண்டு. ஆயினும் சொத்தையைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை. நீண்டநாள் உபயோகித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். நாவின் சுவையும் மாறும்.

மூன்றாவது, உப்பு நீர். ஈற்றுப் புண்ணுக்கு இதமளிக்கும், சொத்தைக்குக் காப்பன்று.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பு மருந்தே வேண்டாம், துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதற்கு மேற்பட்டோர் பெரியவர்கள் பார்வையில் கொப்பளிக்கட்டும்.

முதியோர் நிலை வேறு. ஈறு தேய்ந்து, எனாமல் இல்லாத பல்வேர் வெளியே தெரியும். இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு உண்ணும் மாத்திரைகள் சில உமிழ்நீரையும் வற்றச் செய்யும். கனடாவில் முதியோர் இல்லங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புளோரைடு மருந்து சொத்தையைக் குறைத்தது, குளோர்ஹெக்சிடின் குறைக்கவில்லை. சில மருந்துகளில் ஆல்கஹால் உண்டு. வாய் வறண்டவர்களுக்கு அது எரிச்சல் தரும். ஆல்கஹால் கலவாத வகைகளும் கிடைக்கின்றன. லேபிளைப் படித்து வாங்குக.

எதுவாயினும் பற்பசைக்கு இது ஈடாகாது. சாதாரணப் பற்பசையில் புளோரைடு பத்து லட்சத்தில் 1,000 பங்கு அல்லது அதற்கு மேல் இருக்கும். தினசரிக் கொப்பளிப்பு மருந்தில் சுமார் 225 பங்குதான். ஆகவே பல் துலக்கியவுடன் கொப்பளித்தால், பசை விட்டுச்சென்ற நன்மையைக் கழுவிவிடுவதாகும். பகலுணவுக்குப் பின் போன்ற வேறு வேளையில் கொப்பளித்து, அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருப்பதே முறை.

வியாபார அன்பர்களே! "நல்ல மருந்தாக ஒன்று கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், விலையைச் சொல்லுமுன் "யாருக்கு, என்ன வயது?" என்று கேளுங்கள்.