முதுகு சொல்லும், வாய் கேட்கும்

கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றி எந்த சலூனுக்குள் நுழைந்தாலும் இன்று கண்ணில் படுவது, பாதியாக ஒடித்த பிளேடைச் செருகிக்கொள்ளும் கத்திதான். நாற்காலிக் கையில் தொங்கும் தோல்வாரும் அதில் கத்தி புரளும் சத்தமும் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் “புது பிளேடு போடச் சொல்லுங்கள்” என்ற பிரசாரம் சலூன் சலூனாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குத் தாவும் கத்தி ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கத்தியோடு சேர்ந்து, கத்தி தீட்டத் தெரிந்த கையும் போய்விட்டது. தன் ஒரு முகத்துக்கு மட்டும் மடக்குக் கத்தி வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு, பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை.

அப்படி ஆசைப்பட்ட தங்கவயல்காரர் ஒருவரின் அனுபவம் இது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்வருகிறவர். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசர் பட்டாலே கழுத்தெல்லாம் பொரிப்பொரியாக எழும்பும் தோல் அவருக்கு. அடுக்கு பிளேடு மயிரைச் சற்றே இழுத்துத் தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுவதால், சுருண்ட மயிர் உள்ளுக்குள்ளேயே வளர்ந்துவிடுகிறது. ஒற்றை வாய் உள்ள கத்தியில் அந்தத் தொல்லை குறையும். அவர் தேடியது இந்த நிம்மதியைத்தான். பழம்பொருள் மோகமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொள்ளாமல் எப்படி இருக்கும்? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்கத்தைக் கையிலெடுத்தபோது கார்ன்வாலிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஜில்லெட்டின் கழற்றி மாட்டும் பிளேடு கடைக்கு வந்ததே 1903இல்தான். அதுவரை துரைமார் பங்களாவில் முகம் மழித்தது பெரும்பாலும் மடக்குக் கத்திதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வீடுகள் காலியாகக் காலியாக, அலமாரி மூலையில் கிடந்த சாமான்கள் பழைய சாமான் கடைக்கு வந்தன. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் அப்படியொரு கடையில் அவர் கண்ட கத்தியின் வாலில் ‘ஷெஃபீல்ட்’ முத்திரை இருந்தது. விலையும் மலிவு. பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வாங்காமல் வைத்துவிட்டு வந்தார்.

ஏன் வாங்கவில்லை என்பதில்தான் முதல் பாடம் இருக்கிறது. முத்திரை நல்ல முத்திரை. ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் நூறாண்டுகளுக்கு மேலாக உலகத்துக்கே சவரக் கத்தி செய்து அனுப்பிய ஊர்கள். ஆனால் கத்தியின் வாய் ஓரத்தில் மிளகளவு கருப்புப் புள்ளிகள் இருந்தன. துரு மேலே படிந்திருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். வாயோரத்தில் குழியாக இறங்கியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடத்தில் பதம் நிற்காது, உதிர்ந்துகொண்டே இருக்கும். முதுகுப் பக்கம் பளபளவென்று மெருகேற்றி விற்பார்கள். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கத்தியைப் பார்ப்பதற்கு ஒரு துண்டு கண்ணாடி போதும். ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் கத்தியைப் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கண்ணாடியைத் தொட வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் கத்தி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புதியவருக்கு அது ஆகாது. வாய்க் கோடு நேராகவோ, நடுவில் சற்றே வெளியே பிதுங்கியோ இருக்கலாம். உள்ளே வளைந்திருந்தால் வேண்டாம். அடுத்து, நகத்தால் வாயை மெல்லச் சுண்ட வேண்டும். நல்ல கத்தி கிணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். வாயோரம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாணைச் சக்கரத்தில் காட்டியதால் எஃகு ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடேறியதன் அடையாளம் அந்த நீலம். சவரக் கத்திக்குத் தேவையான கடினம் அங்கே போயே போய்விட்டது. தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துச் சாணை பிடிப்பவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் கெட்டிக்காரர். சவரக் கத்தியை மட்டும் அவரிடம் நீட்டிவிடாதீர்கள்.

கைப்பிடியையும் கவனிக்க வேண்டும், அழகுக்காக மட்டும் அல்ல. பழைய செல்லுலாய்டு கைப்பிடி காலப்போக்கில் சிதைந்து அமில ஆவி விடும். அந்த ஆவி பட்டு, மடித்து வைத்த கத்தியும் உள்ளேயே துருவேறும். கொம்புக் கைப்பிடியில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அகலத்தை அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். எட்டில் ஐந்து என்றால் சுமார் 16 மில்லிமீட்டர். எட்டில் ஆறு என்றால் 19. புதியவர் கைக்கு இந்த இரண்டில் ஒன்றே இதம். முனை உருண்டையாக இருக்கட்டும். கூர்முனைக் கத்தி மீசை ஒதுக்கப் பிரமாதமாக இருக்கும், காது மடலையும் பிரமாதமாகக் கீறும். தங்கவயல்காரர் கடைசியில் வாங்கியது, இணையம் வழியே வந்த எட்டில் ஐந்து அகலமுள்ள சோலிங்கன் கத்தி. கண்ணாடிச் சோதனையிலும் சுண்டல் சோதனையிலும் தேறியது. கூர் மட்டும் துளியும் இல்லை.

கூர் இல்லாதது குறையல்ல. பல புதுக் கத்திகள்கூடச் சவரத்துக்கு ஆயத்தமாக வருவதில்லை. மலிவு விலையில் குவிந்து கிடக்கும் சில ‘ரேசர்’கள் ரேசர் வடிவத்தில் இருக்கும் இரும்பு, அவ்வளவுதான். அவற்றை எந்தக் கல்லாலும் கத்தியாக்க முடியாது. நல்ல எஃகும் நேரான உடம்பும் இருந்தால் மழுங்கியது பெரிய விஷயமில்லை. பணம் இருந்தால், தெரிந்தவர் தீட்டிக் கொடுத்த கத்தியை முதலில் வாங்குவது இன்னும் புத்திசாலித்தனம். தீட்டிய கத்தி கன்னத்தில் எப்படி ஓட வேண்டும் என்று தெரியாதவருக்கு, தான் தீட்டியது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

தீட்டும் வித்தையை அவருக்குப் பாதி கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தங்கவயல் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சவரக் கத்தி அவருக்குத் தெரியாது. ஆனால் மட்டம் என்றால் என்ன என்று தெரியும். தம்பி மகன் ஜப்பானியத் தண்ணீர்க் கல்லை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் அவர் கேட்டது, “என்னாடா கண்ணு, கல்லு மட்டமா இருக்குதான்னு பாத்தியா?”

புதுக் கல்தான், எப்படி இல்லாமல் போகும் என்றார் இவர். பெரியப்பா கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டார். சமையல் மேடையில் கண்ணாடியை வைத்து, அதன் மேல் பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவைத்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தார். எடுத்துப் பார்த்தால் இரண்டு ஓரங்களில் கோடு அழிந்திருந்தது. நடுவில் அப்படியே இருந்தது. கல் நடுவில் பள்ளம். கோடு முழுக்க அழியும்வரை தேய்த்தபிறகுதான் கத்தியைத் தொடவிட்டார். வாயின் அகலம் மைக்ரான் கணக்கில் இருக்கும் பொருளுக்குக் கல்லில் இருக்கும் பள்ளம் சும்மா விடாது. விலை உயர்ந்த கல் வாங்குவதைவிட, இருக்கிற கல்லை மட்டமாக வைத்திருப்பதே பெரிய காரியம்.

வீட்டுக் கத்தியைத் தீட்டும்போது சாய்வுக் கோணத்தை நம் மணிக்கட்டு பிடித்தாக வேண்டும். சவரக் கத்தியில் அந்தக் கவலை இல்லை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுத்துவிடும். முதுகின் பருமனே கோணத்தை முடிவு செய்கிறது. 16 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் முதுகு என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 16 டிகிரி. சமையல் கத்தியில் இது பெரும்பாலும் 30க்கும் மேல். ஆகவே முதுகைத் தூக்கினால் எல்லாம் கெட்டது. கல்லில் ஓடும்போது வாய் முன்னே போகும், முதுகு பின்னே வரும். கல் கத்தியைவிடக் குறுகலாக இருந்தால், அடியிலிருந்து நுனிவரை எல்லா இடமும் கல்லில் படும்படி குறுக்கே இழுத்துக்கொண்டே போக வேண்டும். அழுத்தவே கூடாது. கத்தியின் கனமும் விரலின் கனமும் போதும். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்து கல்லைவிட்டு விலகிவிடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல்லைப் பலர் முதலில் எடுப்பார்கள். திருவொற்றியூரில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்களால் அந்தப் பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கெல்லாம் பழக்கம். அரிவாளுக்கும் உளிக்கும் அது சரி. சவரக் கத்திக்கு மிகவும் கரடு. இங்கே தொடக்கமே 1000 எண் கல்தான். ஜப்பானிய அளவில் அதன் துகள் பத்து மைக்ரானைச் சற்றே தாண்டும். 8000 எண் கல்லில் ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும்.

முழு உழைப்பும் 1000 கல்லில்தான். இரு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். சந்திக்காதவரை அடுத்த கல்லுக்குப் போவது வீண். தங்கவயல்காரர் சரிவின் மேல் கருப்பு மார்க்கரால் பூசிவிட்டு இழுத்தார். மை எங்கே அழிகிறதோ அங்கே கல் படுகிறது. நடுவில் மை அழிந்தது, அடிப்பக்கம் அழியவில்லை. கை எங்கே தூக்குகிறது என்று அப்போதே தெரிந்தது. வாய் கூடி வரும்போது இன்னொரு அடையாளம் உண்டு. கல்லின் மேல் நிற்கும் தண்ணீர், ஓடும் கத்தியின் வாயைத் தாண்டி மெல்லிய படலமாக மேலேறத் தொடங்கும். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி ஏறினால் பாதி வேலை முடிந்தது.

சோதிக்கத் தக்காளி நல்லது. தக்காளிக்குப் பேர்போன கோலார் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அழுத்தாமல், கத்தியின் கனத்தாலேயே தோல் பிளக்க வேண்டும். அடி, நடு, நுனி மூன்று இடத்திலும். வழுக்கினால் மறுபடி 1000 கல். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் உத்தமம். வெளிச்சத்தில் வாயை நேராகப் பார்க்கும்போது வெள்ளையாக மின்னும் புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது.

அதற்குப் பிறகு 4000, 8000, முடிந்தால் 12000. இவை கீறலைத் துடைப்பவை. கூரை உண்டாக்குபவை அல்ல. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் காட்டிக்கூல் கல்லுக்கு உலகெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அது இன்பம், முதல் ஆண்டுத் தேவை அல்ல.

தோல்வார் விஷயத்தில் தங்கவயல் கொடுத்துவைத்த ஊர். மலை இறங்கினால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, எல்லாம் தோல் ஊர்கள். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ஷூ மேற்தோலுக்காகக் குரோமில் பதனிட்டது மெத்தென்று நீண்டுகொடுக்கும், வாய் உருண்டுவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, கெட்டியான, மூன்று அங்குல அகலத் துண்டுதான் வேண்டும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். வாரில் ஓடும் திசை கல்லுக்கு நேர் எதிர்: முதுகு முன்னே, வாய் பின்னே. ஓரத்தில் திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாய் வழியாகப் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, முதலில் முரட்டுப் பருத்தித் துணியில் இருபது தடவை, பிறகு தோலில் ஐம்பது. கை பழகும்வரை வேகம் எதற்கு?

விடியற்கால ரயிலைப் பிடிக்க வேண்டியவர் அன்றாடக் காலையில் இதைத் தொடவே கூடாது. தங்கவயல்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கன்னங்களை மட்டும் மழித்துப் பழகினார். தாடையும் மேலுதடும் வாரங்கள் கழித்துத்தான் வந்தன. அதுவரை மீதியைப் பழைய ரேசர் பார்த்துக்கொண்டது. கத்தி தோலோடு முப்பது டிகிரி சாய்ந்திருக்க, மறு கை தோலை இழுத்துப் பிடிக்க, மயிர் வளரும் திசையில் குட்டைக் குட்டையாக இழுக்க வேண்டும். கத்தி பக்கவாட்டில் மட்டும் நகரக் கூடாது, நகர்ந்தால் வெட்டுதான். மயிரைப் பிடித்து இழுப்பதுபோல் வலித்தால், கோணத்தைப் பார்க்க வேண்டும்; அப்புறம்தான் வாரையும் கல்லையும்.

தண்ணீரும் பேச வேண்டிய விஷயம். பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் வராத நாளில் போர்வெல்தான். அந்தக் கடினநீரில் சோப்பு நுரை எழும்பாமல் திரியும். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிநீரை எடுத்துக்கொள்வது அவர் கண்ட எளிய வழி. மழித்து முடித்ததும் ஈரத் தோலில் படிகாரம்.

கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள். துடைத்து, சில தடவை வாரில் ஓட்டி ஈரம் போக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பதில் உண்டு: 800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள இந்த ஊரில் மார்கழிக் காலையில் அது உறைந்து அப்பிக்கொள்ளும், நாளானால் சிக்குப் பிடிக்கும்.

வாரில் எவ்வளவு ஓட்டியும் கூர் மீளவில்லை என்றால் 12000 கல்லில், அது இல்லையென்றால் 8000இல், சில இழுப்பு போதும். குரோமியம் ஆக்சைடு பச்சைப் பசை தடவிய தனி வார் இருந்தால் கல்லைத் தொடுவதை இன்னும் தள்ளிப்போடலாம். ஆனால் மாதக்கணக்கில் பசையையே நம்பினால் வாய் உருண்டு, கடைசியில் கல்லுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். 1000 கல்லுக்கு மறுபடி வேலை வருவது, கத்தி குழாயில் இடித்துப் பல் விழுந்தால்தான். அதனால்தான் வாஷ்பேசின் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டுக் கத்தியைத் திறக்கச் சொல்கிறார் பெரியப்பா.