கல்யாணில் குடித்தது தாதரில் ஏன் கேட்கிறது?

கேள்வி: தினமும் கல்யாணிலிருந்து மும்பை வி.டி.க்கு லோக்கல் ரயிலில் போகிறேன். மே மாதத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஜூலை மழையில் ஒரே ஒரு டம்ளர்தான், தாதர் வருவதற்குள் பாடாய்ப் படுத்துகிறது. குடிக்கிற தண்ணீர்தானே சிறுநீராகிறது? பிறகு ஏன் இந்தப் பாரபட்சம்?
— ஒரு வாசகி, கல்யாண் கிழக்கு

பதில்: குடித்த தண்ணீர் நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போவதில்லை அம்மா. சிறுநீர் பிறப்பது ரத்தத்திலிருந்து. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் உள்ள மொத்த ரத்தமே 5 லிட்டர்தான்! போகிக்கு முன்னால் பரணில் இருப்பதையெல்லாம் இறக்கிப் போட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப ஏற்றுவோமே, அதே வேலை. வடித்ததில் நூற்றுக்கு 99 பங்கு ரத்தத்துக்கே திரும்பிவிடும். வெளியே வருவது ஒன்றரை லிட்டர் சொச்சம்.

எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது மூளையின் உத்தரவு. ரத்தத்தில் உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடினாலே அங்கே தெரிந்துவிடும். வாசோபிரசின் என்ற ஹார்மோன் புறப்படும். அது வந்ததும் சிறுநீரகக் குழாய்ச் சுவரில் தண்ணீர் மட்டும் நுழையக்கூடிய நுண்ணிய வாசல்கள் திறக்கும், அவற்றின் வழியே தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும். (இத்தகைய வாசல்களைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.)

மே மாதத்தில் தாக்குர்லி தாண்டுமுன்பே முதுகு நனைந்துவிடுகிறது. போன வியர்வையை ஈடுகட்ட வாசல்கள் திறந்தே கிடக்கும். அதனால் சிறுநீர் கொஞ்சமாக, அடர்மஞ்சளாகப் போகும். மழையில் அந்தச் செலவு குறைவு. ஈரக்காற்று பட்டுத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கினால் ரத்தம் நடுவுடம்பில் சேரும், சிறுநீரகத்துக்கோ தண்ணீர் மிஞ்சியதாகப்படும். மிஞ்சிய தண்ணீர் மும்முரமாக வெளியேறுவது குடித்து ஒரு மணி நேரம் வாக்கில். கல்யாண் ஃபாஸ்ட்டுக்கு அது தாதர் பக்கம்!

லோக்கலில் கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரையே தொடாமல் கிளம்பும் பெண்கள் உண்டு. தொடாவிட்டாலும் யூரியாவையும் உப்பையும் வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டராவது சிறுநீர் பிரிந்தாக வேண்டும். அந்தத் தண்ணீரை உடம்பு தன்னிடமிருந்தே எடுக்கும். நாள்தோறும் இப்படியே சிறுநீர் கெட்டியானால் கல் சேரவும் இடமுண்டு. எழுந்ததும் குடியுங்கள், வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தரம் போய்விட்டு வாருங்கள், மிச்சத்தை ஆபீஸில் பையை வைத்ததும் குடித்துக்கொள்ளலாம்.