விரக்தி – ஒரு சொல், இரு பொருள்

‘விரக்தி’ என்னும் சொல் இக்காலத்தில் எல்லோர் நாவிலும் புழங்குகின்றது. பத்து ஆண்டுகள் உழைத்தும் வேலை நிரந்தரமாகாத ஒப்பந்தத் தொழிலாளி, “மனம் விரக்தியாக இருக்கிறது” என்கிறான். பலமுறை தேர்வு எழுதியும் இடம் கிடைக்காத மாணவி அதையே சொல்கிறாள். பிள்ளைகளுக்காகத் தேய்ந்து, முதுமையில் ஒரு விசாரிப்புக்கு ஏங்கும் தாயும் அதையே சொல்கிறாள். வேண்டியது கிட்டாமையால் நெஞ்சில் தங்கும் வெப்பத்திற்கு நாம் இட்ட பெயர் அது.

ஆனால் நம் ஸம்பிரதாயத்தில் இச்சொல்லின் பொருள் முற்றிலும் வேறு. ‘ரக்தி’ என்பது பற்று. ‘விரக்தி’ என்பது பற்று நீங்கிய நிலை. ஞானமும் பக்தியும் வாய்ந்த ஆசாரியர்களை ‘விரக்தர்’ என்று பெரியோர் போற்றினர். அவர்களுக்கு அது நோயன்று, அணிகலன். ஒரே சொல் நமக்குக் கசப்பையும் அவர்களுக்குத் தெளிவையும் குறிப்பானேன்? முதல் விரக்தியிலிருந்து இரண்டாம் விரக்திக்குச் செல்ல வழி உண்டா? திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் இதைச் சற்றுச் சிந்தித்தல் நலம்.

தாபம் வளரும் விதம்

ஸ்ரீமத் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் மனத்தின் வீழ்ச்சியைப் படிப்படியாக விளக்குகின்றான். ஒரு பொருளை ஓயாது நினைப்பதால் பற்று உண்டாகின்றது. பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும் பிறக்கின்றன. சினம் மயக்கத்தைத் தருகின்றது. மயக்கத்தால் நினைவு தடுமாறி, புத்தி கெட்டு, மனிதன் அழிகின்றான். ஆசைக்கும் சினத்திற்கும் இடையே தடை ஒன்று நிற்பதை நம் ஆசாரியர்கள் உரைகளில் எடுத்துக் காட்டுவர். ஆசை தடைப்படும் இடத்தில்தான் சினம் தலைதூக்குகின்றது.

மேனாட்டு உளநூலாரும் இதே இடத்தை ஆராய்ந்தனர். 1939-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அறிஞர் ஐவர், தடைப்பட்ட நோக்கமே தாக்கும் குணத்திற்கு வித்து என்று நூல் எழுதினர். தடுத்தவரைத் தாக்க இயலாதபோது, அச்சினம் எளியவர்மேல் பாயும் என்பதையும் அவர்கள் விளக்கினர். தடையுற்றோர் எல்லோரும் தாக்குவதில்லை என்று பின்னர் அக்கருத்து திருத்தப்பட்டது.

1941-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் கருத்தைக் கவர்வது. குழந்தைகள் சாதாரண விளையாட்டுச் சாமான்களுடன் மகிழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தனர். பின்னர் மிக அழகிய சாமான்களைக் காட்டிச் சிறிது நேரம் விளையாடவிட்டு, கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் அவற்றை வைத்துவிட்டனர். அவை கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டவில்லை. அதன்பின் தம்மிடம் இருந்த சாமான்களைக் கொண்டு முன்போல் நயமாக விளையாடப் பல குழந்தைகளால் இயலவில்லை. கையில் இருந்தது குறையவில்லை. அதை அனுபவிக்கும் ஆற்றல் குறைந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மேலதிகாரி சொன்ன கடுஞ்சொல்லுக்கு அங்கே விடை கூற இயலவில்லை. மின்சார ரயிலில் நிற்கவும் இடமில்லை. வீட்டு வாசலில் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அதன்மேல் எரிந்து விழுகிறார். சினம் பிறந்த இடம் ஒன்று. அதைச் சுமந்த பிஞ்சு வேறொன்று. தடுப்புக்கு அப்பால் உள்ளதையே நோக்கிய கண், காலைக் கட்டிய செல்வத்தைக் காணவில்லை.

சாலிஹோத்ரர் இட்ட அமுது

நம் மாவட்டத்திலேயே இதற்கு மருந்து சொல்லும் திவ்யதேசம் ஒன்று உள்ளது. அது திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருவெவ்வுள், இன்றைய திருவள்ளூர். அத்தலத்துத் திருக்குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. உள்ளத்தின் தாபத்தைப் போக்குவது என்பது பொருள். உடற்பிணி தீர வெல்லம் கரைக்க வரும் அன்பர்கள் பலர். பெயரோ உள்ளத்தின் வெப்பத்தை முதலில் சொல்கின்றது.

தலவரலாறு யாவரும் அறிந்ததே. சாலிஹோத்ர மஹரிஷி ஓராண்டுக் காலம் உண்ணாநோன்பு இருந்தார். நோன்பு முடிந்த நாளில் சிறிது அரிசி சேர்த்து மாவாக்கி, பெருமாளுக்கு அமுது செய்வித்து, அதிதிக்காகக் காத்திருந்தார். முதியவர் ஒருவர் பசியோடு வந்தார். அவருக்கு இட்டது போதவில்லை. தம் பங்கையும் மஹரிஷி அவருக்கே ஈந்தார். முதியவர் உண்டு சென்றார். ஓராண்டுப் பசி அப்படியே நின்றது.

இவ்விடத்தில் நாமாயின் என்ன நினைத்திருப்போம்? ‘இத்தனை நாள் காத்த எனக்கு இதுவா பலன்?’ என்று வெதும்பியிருப்போம். மஹரிஷியோ மீண்டும் ஓராண்டு நோன்பைத் தொடங்கினார். மறு ஆண்டும் அதே முதியவர் வந்தார், அப்படியே உண்டார். உண்ட களைப்புத் தீரப் படுக்க வேண்டும் என்று, “எவ்வுள்?” என வினவினார். எந்த அறையில் சயனிப்பது என்பது கேள்வி. மஹரிஷி தம் பர்ணசாலையைக் காட்டினார். அங்கே கிழவர் மறைந்தார். அரவணைமேல் பள்ளிகொண்ட பெருமான் காட்சி தந்தான். இன்றும் அவன் வலக்கரம் மஹரிஷியின் சிரத்தின்மேல் அமர்ந்திருப்பதைச் சேவிக்கின்றோம்.

மஹரிஷிக்குப் பசி இல்லாமலில்லை. உணவு கைநழுவியதும் உண்மை. ஆயினும் ‘இது எனக்கே உரியது’ என்ற பிடி அவரிடம் இல்லை. ஆகவே தடை அவரிடம் சினமாக மாறவில்லை. அடுத்த ஆண்டின் நோன்பாக மாறிற்று. முயற்சியும் அவரிடம் குறையவில்லை. இதுவே பெரியோர் சொன்ன விரக்தி.

எம்பெருமானார் திரும்பிச் சென்ற நாள்

‘ரிஷிகளுக்கு எளிது, நமக்கு இயலுமோ?’ என்று கேட்போர் உண்டு. ஸ்ரீபெரும்பூதூரில் 1017-இல் அவதரித்த உடையவரின் வாழ்விலேயே தாங்கொணா ஏமாற்றம் ஒன்று நேர்ந்தது. ஆளவந்தாரைச் சேவிக்கும் பேராவலுடன் காஞ்சியிலிருந்து திருவரங்கம் வந்தார். அவர் கண்டதோ ஆளவந்தாரின் சரம திருமேனியை. அத்துயரத்தால் அரங்கனைச் சேவியாமலே காஞ்சிக்குத் திரும்பினார் என்று குருபரம்பரை கூறுகின்றது. பெரியோர் அதை மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மனம் நோவது குற்றமன்று.

ஆனால் புறப்படுமுன் அவர் ஒன்று செய்தார். ஆளவந்தார் திருக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டு, அவருடைய நிறைவேறாத மனோரதங்கள் மூன்றையும் தாம் நிறைவேற்றுவதாக உறுதி கூறினார், விரல்கள் நிமிர்ந்தன. அவ்வுறுதியின் பயனே ஸ்ரீபாஷ்யம். கிட்டாமற்போனதை எண்ணிக் கண்ணீர் சிந்திய இடத்திலேயே, செய்யவேண்டியது யாது என்றும் கண்டுகொண்டார்.

அநீதியைச் சகிப்பது விரக்தியாகாது

ஓர் ஐயம் எழலாம். ‘எல்லாம் பகவத் ஸங்கல்பம்’ என்று கூலி மறுக்கப்பட்டவனும் வாய்மூடி இருக்கவேண்டுமோ? வேண்டியதில்லை. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை, தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் பணித்தான். அவர் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். ஆழ்வார் சும்மா இருக்கவில்லை. மன்னனை வைது கூச்சலிடவும் இல்லை. சீடனுடன் தாமும் புறப்பட்டார். அவர் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றான். மன்னன் பிழை உணர்ந்து வேண்டிய பின்னரே அனைவரும் மீண்டனர். ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்ற திருநாமம் அதனால் வந்தது.

ஆகவே உரிய கூலியைச் சங்கத்தின் வாயிலாகவும் தொழிலாளர் துறையின் வாயிலாகவும் கேட்பது பக்திக்கு விரோதமன்று. கேட்கும்போது நெஞ்சு எரியாமல் இருப்பதே வேண்டுவது. எரியும் நெஞ்சு பேசவேண்டிய இடத்தில் மௌனமாகி, பேசக்கூடாத இடத்தில் வெடிக்கின்றது.

அன்றாடம் செய்யத்தக்கவை

ஒன்று: மனம் கொதிக்கும்போது, ‘எது தடைப்பட்டது? தடுத்தது யார், எது?’ என்று தனக்குள் வினவுக. விடை தெளிந்தால் சினம் வேறோர் எளியவர்மேல் பாயாது.

இரண்டு: தடையில் நம் கையால் மாற்றக்கூடிய பகுதியையும் மாற்ற இயலாத பகுதியையும் பிரித்தறிக. முன்னதற்கு முயற்சி, பின்னதற்குச் சரணாகதி. முயலவேண்டியதைப் பெருமாள்மேல் சுமத்துவது சோம்பல். அவனிடம் விடவேண்டியதைத் தானே சுமப்பது தாபம்.

மூன்று: வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழையுமுன் கைகால் கழுவி, திருநாமம் சொல்லி, ஒரு கணம் நிற்க. வாசலில் கழியும் அந்த ஒரு கணம் குழந்தைகளைக் காக்கும்.

நான்கு: தாளமுடியாத துயரை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுக. உறக்கமும் உணவும் வெறுத்து, உயிரும் வெறுக்கும் நிலை வருமாயின் மருத்துவரை நாடத் தயங்கற்க. மருந்தும் அவன் படைப்பே.

ஐந்து: கைக்கு எட்டியுள்ளதை நாள்தோறும் ஒருமுறை எண்ணுக. கம்பிவலைக்கு அப்பால் நோக்கியே இருக்கும் கண், வந்த அதிதியை அடையாளம் காணாது.

நம் வாழ்விலும் பசித்த கிழவர்கள் வந்துகொண்டேதான் இருப்பர். நாம் காத்துவைத்ததை உண்டுவிட்டு, படுக்கவும் இடம் கேட்பர். வந்தவன் யார் என்பது அப்போது தெரிவதில்லை. “எவ்வுள்?” என்று அவன் கேட்கும் வேளையில், தாபம் தணிந்த உள்ளம் ஒன்றை நாம் காட்ட முடியுமாயின், அதுவே அவனுக்கு உகந்த திருப்பள்ளி.

எவ்வுள் கிடந்தான் திருவடிகளே சரணம்.

சுபம்.