தாழியில் கீறிய குறிகள்

எழுத்து வழங்குமுன் வாழ்ந்த மக்களைப் பற்றி அறிய அவர்களுடைய ஈமச் சின்னங்களே பெரிதும் உதவுகின்றன. ஜெர்மனியின் சூஷன் என்னும் இடத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைமையான நீண்ட கல்லறை ஒன்று 1894 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 20 மீற்றர். சுவர்க் கற்களில் மாடு பூட்டிய வண்டியின் உருவங்கள் கீறப்பட்டுள்ளன. வாயிற்கல்லில் வட்டமான துளை உண்டு. தமிழகத்துக் கல்லறைகள் சிலவற்றிலும் இத்தகைய துளை காணப்படுகிறது. அதனை இடுதுளை என்பர்.

தாராபுரத்தில் வாழும் எனக்கு அண்மையிலுள்ள சான்று பொம்பரிப்பு ஆகும். மன்னாருக்குத் தெற்கே, புத்தளம் செல்லும் பழைய பாதையில், வில்பத்துக் காட்டில் அது உள்ளது. அங்கே கல்லறை இல்லை. மண்ணாலான தாழிகளே புதைக்கப்பட்டன. 1970 இல் விமலா பெக்லி அங்கே அகழ்வு செய்தார். சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் இருந்தன. கூடவே கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் தாழியில் புதைக்கும் வழக்கம் இருந்தது. மன்னார் வளைகுடா இரு கரைகளையும் பிரிக்கவில்லை, இணைத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இக்கால மட்பாண்டங்களில் மீன்முள் போன்றும் ஏணி போன்றும் கீறிய குறிகள் உண்டு. அவை உடைமைக் குறியா, குலக் குறியா என்பது ஆய்வுக்குரியது. 1980 இல் யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டையில் ஓர் ஈமக்குழியில் கிடைத்த முத்திரை இதற்கு ஒளி தருகிறது. அதன் மேல்வரியில் குறிகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் உள்ளன. குறியும் எழுத்தும் ஒரே கையில் சேர்ந்த காலத்தை அதில் காண்கிறோம்.

அம்முத்திரை குழியிலிருந்து களவாக எடுக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தால், அது யாருடன், எப்பொருள்களுடன் புதைக்கப்பட்டது என்பதே தெரியாமற் போயிருக்கும். ஆகவே கிணறு வெட்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ பழைய ஓடு கண்டால் அதை அசைக்காமல் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லரே என்று சிலர் கேட்கலாம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்பதே அவர்கள் கூறிய காரணம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் மூத்தோர், தம் பெற்றோரின் கப்றுகளை ஸியாரத் செய்ய முடியாமல் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள். அத்துயரம் அறிந்த நாம், பெயர் தெரியாத மனிதரின் அடக்கத்தலத்தையும் அமானிதமாகப் பேணுவோம்.