‘வேண்டாம்’ எனச் சொல்லும் வலிமை
ஆபிரிக்க இளம் பெண்களும் எயிட்ஸ் தடுப்பும்

எயிட்ஸ் நோயைப் பற்றி இளையோருக்குப் போதிப்போர் நெடுங்காலமாக மூன்று அறிவுரைகளைச் சொல்லி வந்துள்ளனர். திருமணம்வரை விலகியிரு, துணைக்கு உண்மையாயிரு, இவை இயலாவிடில் ஆணுறையைப் பயன்படுத்து. மூன்றாவது அறிவுரை பற்றி எமது திருச்சபைக்குள் நிறைய விவாதம் நடந்ததை வாசகர்கள் அறிவர். அந்த விவாதத்தின் நடுவே நாம் கவனியாது விட்ட கேள்வி ஒன்று உண்டு. இவற்றைக் கேட்கும் பெண்பிள்ளைக்கு, கேட்டபடி நடக்கும் வலிமை இருக்கிறதா?

ஆபிரிக்கக் கிராமமொன்றில், பாடசாலைக் கட்டணம் செலுத்த வழியில்லாத பதினாறு வயதுப் பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். கட்டணத்தைத் தான் தருவதாகச் சொல்லி முப்பது வயது ஆண் ஒருவர் நெருங்குகிறார். ‘விலகியிரு’ என்பது அவளுக்குப் ‘படிப்பை விட்டுவிடு’ என்றே கேட்கும். அடுத்து, மணமான இளம் பெண்ணை எண்ணுவோம். அவள் உண்மையாகத்தான் வாழ்கிறாள், கணவர் அப்படியில்லை. அவளுடைய உண்மை அவளைக் காப்பதில்லை. ஆணுறையோ ஆண் அணிவது. அதைக் கேட்டால் சந்தேகமும் அடியும் வரும் என்று அவள் அஞ்சுகிறாள். ஆக, மூன்று அறிவுரைகளும் கடைசியில் ஆணின் சம்மதத்திலேயே தங்கியுள்ளன.

யாரைத் தாக்குகிறது?

2022இல் உலகில் வாரந்தோறும் 15 முதல் 24 வயதுடைய ஏறத்தாழ 4,000 பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களுள் 3,100 பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே இவ்வயதுப் பெண்களுக்குத் தொற்றும் வாய்ப்பு, அதே வயது ஆண்களைவிட மூன்று மடங்குக்கும் கூடுதலாக இருந்தது.

இதற்கு உடல் சார்ந்த காரணங்கள் உண்டு. முழு வளர்ச்சி அடையாத இளம் பெண்ணின் பிறப்புறுப்பில் கிருமி எளிதாக நுழைகிறது. வன்முறையால் ஏற்படும் காயங்களும், சிகிச்சை பெறாத ஏனைய பாலியல் நோய்களும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வயது இடைவெளி மற்றொரு காரணம். தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டு நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இளம் பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் சராசரியாக ஏறத்தாழ 9 வயது மூத்தவர்கள் எனத் தெரியவந்தது. பணமும் வயதும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது மறுப்பது எளிதன்று.

அனுபவம் கற்பித்த பாடங்கள்

முதலாவது பாடம், உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது. 2004இல் மேற்குக் கென்யாவின் 71 ஆரம்பப் பாடசாலைகளில் எட்டாம் வகுப்பு மாணவருக்கு 40 நிமிடப் பாடம் ஒன்று நடத்தப்பட்டது. எந்த வயது ஆண்களிடம் எவ்வளவு தொற்று உள்ளது, மூத்த ஆண்களுடன் உறவு கொள்வதில் ஏன் ஆபத்து அதிகம் என்பதே பாடம். அடுத்த ஓராண்டில் அம்மாணவிகளிடையே கருத்தரிப்பு 28 வீதம் குறைந்தது. விலகியிருக்கும்படி மட்டும் போதித்த வழமையான பாடத்திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தும், கருத்தரிப்பில் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. அதே பிரதேசத்தில் மாணவருக்குச் சீருடையை இலவசமாகக் கொடுத்தபோது, படிப்பை இடைநிறுத்திய பெண்பிள்ளைகளின் தொகையும் இளவயதில் கருவுற்றோர் தொகையும் குறைந்தன. ஒரு சீருடை அத்தனை தூரம் காப்பாற்றும் என்று நாம் எண்ணியிருப்போமா?

இரண்டாவது பாடம், வறுமையைத் தொடாமல் நோயைத் தடுக்க முடியாது என்பது. மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் மணமாகாத பெண்பிள்ளைகளுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் மாதந்தோறும் சிறுதொகைப் பணம் வழங்கப்பட்டது. பதினெட்டு மாதங்களின் பின் பரிசோதித்தபோது, பாடசாலையில் இருந்தோருள் உதவி பெற்றவர்களிடம் எச்.ஐ.வி. 1.2 வீதமாகவும், பெறாதவர்களிடம் 3 வீதமாகவும் இருந்தது. மூத்த ஆண்களை நாடுவதும் குறைந்திருந்தது. ஆனால் பணம் நின்றபின் இந்த நன்மையில் பெரும்பகுதி நிலைக்கவில்லை. தென்னாபிரிக்காவின் முமலங்கா மாகாணத்தில் இத்தகைய திட்டம் தொற்றைக் குறைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலையில் இருந்தனர். ஓரிடத்தில் பலன் தந்ததை அப்படியே இன்னோரிடத்தில் நட்டுவிட முடியாது.

மூன்றாவது பாடம், பெண்ணின் கைக்கு வருமானமும் வாய்க்கு வார்த்தையும் சேர்ந்து வரவேண்டும் என்பது. 2001 முதல் தென்னாபிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் வறிய பெண்களுக்குச் சிறு கடன் வழங்கிய திட்டமொன்று, கடன் கூட்டங்களிலேயே எச்.ஐ.வி., ஆண் பெண் உறவு, குடும்ப வன்முறை ஆகியன பற்றிப் பத்துப் பாடங்களை நடத்தியது. இரண்டு ஆண்டுகளில், துணைவரின் வன்முறைக்கு ஆளாவது 55 வீதம் குறைந்தது. ஊரில் எச்.ஐ.வி. பரவல் அக்காலத்துள் குறைந்ததாகக் காணப்படவில்லை. எனினும் அடிக்கு அஞ்சாமல் பேசக்கூடிய தாயின் வீட்டில் வளரும் மகளுக்கு அது சிறிய பேறன்று.

நான்காவது பாடம், ஆண்களை வெளியே நிறுத்திவிட்டுப் பெண் சமத்துவம் பேசக்கூடாது என்பது. உகண்டாவில் உருவாகி 1995இல் வெளிவந்த ‘ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்’ என்னும் பயிற்சிமுறையில், ஊரார் மூத்த பெண்கள், மூத்த ஆண்கள், இளம் பெண்கள், இளைஞர் என நான்கு குழுக்களாகப் பிரிந்து பேசுகிறார்கள். பின்னர் ஒன்றுகூடி, ஒருவர் மற்றவரிடம் எதிர்பார்ப்பதைச் சொல்கிறார்கள். தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் 70 கிராமங்களில் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். எச்.ஐ.வி.யில் தெளிவான குறைவு காணப்படவில்லை. ஆனால் ஹேர்ப்பிஸ் என்னும் பாலியல் நோயின் புதிய தொற்று மூன்றிலொரு பங்கு குறைந்தது. இளைஞர்கள் தம் துணைவியர்மீது காட்டிய வன்முறையும் குறைந்தது.

மருந்து வந்துவிட்டதே?

இன்று எச்.ஐ.வி.க்கு நல்ல மருந்துகள் உள்ளன. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து பாலுறவால் தொற்றுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் லெனகபவிர் என்னும் தடுப்பு ஊசியைத் தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இளம் பெண்கள் 2,134 பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவர்களில் ஒருவருக்கேனும் தொற்றவில்லை என 2024இல் அறிவிக்கப்பட்டது. எந்த ஆணின் சம்மதமும் இன்றிப் பெண் தானே பெறக்கூடிய பாதுகாப்பு இது.

ஆனால் ஊசி மருந்தகத்தில் இருந்தால் போதாது. மணமாகாத பிள்ளை அங்கே போனால் தாதி முகம் சுளிக்கக்கூடாது. ஊர் பழி பேசக்கூடாது. வெளிநாட்டு உதவியும் நிலையானதன்று. 2025இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவியைத் திடீரென நிறுத்தியபோது பல ஆபிரிக்க நாடுகளில் தடுப்பு வேலைகள் தடைப்பட்டன.

நாம் மாற வேண்டியது

மேடையிலும் பீடத்திலும் நின்று ‘ஒழுக்கமாயிரு’ என்று பெண்பிள்ளையிடம் சொல்வது எமக்கு எளிது. ‘அவளிடம் ஏன் போகிறாய்?’ என்று அந்த முப்பது வயது ஆணிடம் கேட்பது கடினம். அவர் எமக்குத் தெரிந்தவராக, எமது சபைகளில் மதிக்கப்படுபவராகக்கூட இருக்கலாம். அடிவாங்கும் மனைவியிடம் ‘பொறுத்துப் போ அம்மா’ என்று சொல்லி அனுப்பியதும் நாமேதான். ஒழுக்கம் வேண்டாம் என்று இங்கு சொல்லப்படவில்லை. ஒழுக்கத்தின் சுமையை வலிமையற்றவளின் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியன்று என்பதே ஆபிரிக்க அனுபவம் எமக்குத் தரும் பாடம். ‘வேண்டாம்’ எனச் சொல்லக் கற்பிப்பதோடு, அச்சொல்லுக்கு மதிப்புள்ள வீட்டையும் பாடசாலையையும் ஊரையும் ஆக்குவது எமது கடமையாகும்.

குழுவாகக் கலந்துரையாட

1. மூன்று அறிவுரைகளில் எவற்றைப் பெண் தனித்து நின்று கடைப்பிடிக்க முடியும்? ஏன்?
2. கென்யாவில் 40 நிமிடப் பாடம் பலனளித்ததன் காரணம் என்ன? நாம் இளையோரிடம் சொல்லத் தயங்கும் உண்மைகள் எவை?
3. மலாவியில் பணம் நின்றதும் நன்மை குறைந்தது. நிலைத்து நிற்க வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
4. ஆண்களும் பெண்களும் முதலில் தனித்தனியே பேசி, பின் ஒன்றாகப் பேசினால் என்ன மாற்றம் வரும்? உங்கள் குழுவிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.