மறு ஆய்வு மனு என்றால் என்ன?

தீர்ப்பு எதிராக வந்துவிட்டதா? "அப்பீல் போடுங்க" என்பார்கள். ஆனால் அப்பீல் வேறு, மறு ஆய்வு வேறு.

வீரபாண்டிக்காரர்களுக்குத் தெரிந்த சாயக்கழிவு வழக்கையே பாருங்க. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை எதிர்த்து, சாய ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அது தள்ளுபடியானது. மேல் நீதிமன்றத்துக்குப் போனதால் அது மேல்முறையீடு.

மறு ஆய்வு மனுவைத் தீர்ப்பு சொன்ன அதே நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். உரிமையியல் வழக்குகளில் இதற்கான காரணங்கள்:

1. முன்பு முயன்று தேடியும் கிடைக்காத முக்கிய ஆதாரம் இப்போது கிடைப்பது.
2. தீர்ப்பைப் படித்தவுடனே தெரியும் பிழை.
3. இவை போன்ற வேறு போதிய காரணம்.

மனை வழக்கில் தோற்ற பிறகு, தேடிய பழைய கிரயப் பத்திரம் கிடைத்தால் மறு ஆய்வு கேட்கலாம். "என் சாட்சியை நீதிபதி நம்பலை" என்றால் அப்பீல்தான் வழி.

கெடு 30 நாள் மட்டுமே. நகல் பெற ஆகும் நாட்கள் இதில் சேராது. அதனால் தீர்ப்பு நகலுக்கு உடனே மனு கொடுங்க. வழக்கின் நிலையை 16 இலக்க சிஎன்ஆர் எண் போட்டு 'இகோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் பார்க்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்க.